பிள்ளை அமெரிக்கன் ஆமியில, வீடு ஏலத்தில: இஞ்ச இருந்துகொண்டு என்ன செய்யலாம்

போன வருசம் ஒரு நாள் விடிய ஆறரை இருக்கும், தேத்தண்ணி கூட வாயில வைக்கேல்லை, கொக்குவிலில இருந்து தங்கச்சி போன் எடுத்து ஒரே அழுகை. "அண்ணை, பிள்ளையின்ர வீட்டை ஏலத்தில விடப்போறாங்களாம், மருமோன் வேற நாட்டில டியூட்டியில நிக்கிறார், பின்வளவுக் காணியைக் கெதியா வித்து அனுப்புவமே" எண்டு. பிள்ளை எண்டது என்ர மருமோள், ரெக்சாஸில இருக்கிறாள், புருசன் ஆமி றிசேர்வில இருந்தவர், ஓடர் வந்து முழுநேர டியூட்டிக்குக் கூப்பிட்டிட்டாங்கள். நான் முப்பது வருசம் ஒரு பாங்கில கடன் பகுதியில வேலை செய்தவன், ஈடு ஏலம் எல்லாம் தண்ணிபட்ட பாடு எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான், ஆனா அங்கத்தைய சட்டம் வேற, அந்தக் கிழமை முழுக்க ராத்திரி ராத்திரியா இருந்துதான் படிச்சன். படிச்சதை ஒருக்கா எழுதி வச்சா இன்னொரு வீட்டுக்கு உதவும் எண்டுதான் இது.

எங்கட ஆக்களுக்கு இது தேவைப்படாது எண்டு நினைக்காதேங்கோ. கிறீன் காட் இருந்தாலே அங்க ஆமியில சேரலாம். 2009 க்கும் 2016 க்கும் இடையில விசாவில நிண்ட ஆக்களையும் பாஷைக்காக எண்டு எடுத்தவை, அந்தப் பாஷை லிஸ்டில தமிழும் இருந்தது சிங்களமும் இருந்தது. எங்கட ஊரில ஆமியையும் வீட்டையும் ஒரே வசனத்தில சொன்னால் 1990 ல வலிகாமம் வடக்கால வெளிக்கிட்ட சனத்தின்ர ஞாபகம்தான் வரும், ஆமிக்காரன்ர வீட்டைப் பறிபோகாமல் காக்க ஒரு சட்டம் எண்டு தங்கச்சிக்குச் சொன்னா அவ ஒரு நிமிசம் கதைக்கேல்லை. சரி, அது வேற கதை.

முதல் வேலை, அழுகையை நிப்பாட்டி ஒரு கடதாசியில ரெண்டு திகதி எழுதுறது. வீட்டு லோனுக்குக் கையெழுத்து வச்ச திகதி ஒண்டு. முழுநேர டியூட்டி தொடங்கின திகதி மற்றது. றிசேர்வ் ஆளெண்டால் ஓடர் கையில கிடைச்ச திகதியையும் எழுதுங்கோ, அவைக்குப் பாதுகாப்பு அந்தத் திகதியில இருந்தே தொடங்கும். நாஷனல் காட் எண்டு ஒவ்வொரு மாநிலத்துக்கும் இருக்கிற றிசேர்வ் படை ஆக்களுக்கு மாநில ஆளுநர் கூப்பிட்ட டியூட்டியெண்டால் கணக்கில வராது, தேசிய அவசர நிலையெண்டு மத்திய அரசாங்கத்தின்ர காசில தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல கூப்பிட்டிருந்தால் வரும், ஓடரில எந்தச் சட்டத்துக்குக் கீழ எண்டு போட்டிருக்கும், அந்த வரியைப் பாருங்கோ. இந்தத் திகதியளிலதான் முழு விசயமும் தொங்குது, மருமோளிட்ட நான் கேட்ட முதல் கேள்வியும் அதுதான், அவள் "மாமா எனக்கு எவ்வளவு காசு கட்ட இருக்கு எண்டு கேக்கேல்லையோ" எண்டாள், காசு பிறகு பாப்பம் எண்டன்.

ஏனெண்டால் சட்டம் இப்பிடி. எஸ்.சி.ஆர்.ஏ எண்டு சொல்லுவினம், சேவையில நிக்கிற ஆக்களுக்கான சிவில் நிவாரணச் சட்டம், 1940 ல இருந்த பழைய சட்டத்தைத் திருத்தி 2003 டிசம்பரில கொண்டுவந்தது. டியூட்டிக்குப் போறதுக்கு முதல் எடுத்த ஈட்டுக் கடனெண்டால், டியூட்டியில நிக்கிற காலமும் அது முடிஞ்சு பிறகு ஒரு வருசமும், கோட்டு ஓடர் இல்லாமல் அந்த வீட்டை ஏலத்தில விக்க ஏலாது, வித்தாலும் செல்லாது. தெரிஞ்சுகொண்டு செய்தால் குற்றம், ஒரு வருசம் வரைக்கும் மறியலும் இருக்கு. இந்த ஒரு வருசம் எண்டது முதல் 90 நாளாத்தான் இருந்தது, 2008 ல ஒன்பது மாசமாக்கி, 2012 ல ஒரு வருசமாக்கி, 2018 லதான் அதை நிரந்தரமாக்கினவை. பழைய ஆக்கள் ஆராவது 90 நாள் எண்டு சொன்னால் நம்பாதேங்கோ.

கோட்டு ஓடர் எண்டதில என்ன பெரிய விசயம் எண்டு கேப்பியள். எங்கட பராட்டே தெரியும்தானே, 1990 ம் ஆண்டு 4 ம் இலக்கச் சட்டம், பாங்கின்ர போட் கூடி ஒரு தீர்மானம் எடுத்தாப் போதும், வழக்குப் போடாமலே ஈடு வச்ச காணியை ஏலம் போடலாம். அமெரிக்காவில கன மாநிலத்திலயும் இதே கூத்துத்தான். ரெக்சாஸ், ஜோர்ஜியா, கலிபோர்ணியா, வேர்ஜீனியா எல்லாம் கோட்டுக்குப் போகாமலே விக்கிற இடங்கள், ரெக்சாஸில மாசத்தின்ர முதல் செவ்வாய்க்கிழமை ஏலம், குறைஞ்சது 21 நாளுக்கு முதல் ஏல நோட்டீஸ் குடுக்கவேணும். நியூயோர்க், நியூ ஜேர்சி, புளோரிடாவில வழக்குப் போட்டுத்தான் செய்யவேணும். ஆகவே ரெக்சாஸ் மாதிரி இடத்தில கோட்டுக்கு வா எண்டு பாங்கைக் கட்டாயப்படுத்துற இந்த ஒரு வரி பெரிய மதில்.

இப்ப கசப்பான விசயம், இதைச் சொல்லாமல் விட்டா நான் பொய் சொன்ன மாதிரி. ஆமியில சேர்ந்து முழுநேரமா நிண்டுகொண்டே வீடு வாங்கின பிள்ளையளுக்கு, அதுதானே கனபேர் செய்யிறது, அந்த வி.ஏ. லோன், ராணுவ ஆக்களுக்கெண்டு அரசாங்கத்தின்ர வி.ஏ. திணைக்களம் உத்தரவாதம் குடுக்கிற வீட்டுக் கடன், எடுத்து, இந்த மதில் இல்லை. கடன் டியூட்டிக்குப் பிறகு எடுத்தது, சட்டம் முதல் எடுத்த கடனுக்கு. அதுதான் ரெண்டு திகதியையும் முதல் எழுதச் சொன்னன். லோன் திகதி பிந்தினதெண்டால் மனம் விடாதேங்கோ, வேற வழி இருக்கு, கீழ சொல்லுறன், ஆனா "நான் ஆமி, என்ர வீட்டைத் தொட ஏலாது" எண்டு நினைச்சுக்கொண்டு கடிதத்தைத் திறக்காமல் இருந்தால் வீடு போயிடும்.

திறக்காத கடிதம் எண்டதும்தான் ஞாபகம் வருது. மருமோள் குசினி லாச்சிக்குள்ள பதினொரு கடிதம் வச்சிருந்தவள், கறுவாப் பட்டைப் போத்திலுக்கும் பழைய பற்றறியளுக்கும் கீழ, ஒண்டும் உடைக்கேல்லை. வட்சப்பில வீடியோ போட்டு ஒண்டொண்டா உடைப்பிச்சன், ஒவ்வொண்டின்ர மேலயும் வந்த திகதியைப் பேனையால எழுதச் சொல்லி, கடைசியில இருந்ததுதான் ஏல நோட்டீஸ், அடுத்த மாசம் முதல் செவ்வாய், எங்களுக்கு 17 நாள் இருந்தது. எட்டாவது கடிதம் என்ன தெரியுமே, "நீங்கள் ராணுவ சேவையில இருந்தால் உங்களுக்கு உரிமை இருக்கலாம், எங்களுக்கு அறிவியுங்கோ" எண்டு பாங்கே போட்டது. அது அங்க சட்டப்படி போடவேண்டிய கடிதம். கடிதம் போட்டவை ஆள் டியூட்டியில நிக்கிறாரோ எண்டு ஒருக்காத் தட்டிப் பாக்கேல்லை, பென்டகனின்ர டி.எம்.டி.சி எண்ட இணையத்தளத்தில பேரும் சோஷல் செக்கியூரிட்டி நம்பரும் பிறந்த திகதியும் போட்டால் ஒரு நிமிசத்தில ஆள் சேவையிலயோ இல்லையோ எண்டு சேட்டிபிக்கற் வரும், அதை ஆரும் இலவசமா எடுக்கலாம். நாங்கள் எடுத்தம். அந்த ஒரு பக்கத்துக்கு இருந்த பெறுமதி பின்வளவுக் காணிக்கு இல்லை.

அப்ப அனுப்பவேண்டியது என்னென்ன எண்டால், டியூட்டி ஓடரின்ர கொப்பி, இந்த டி.எம்.டி.சி சேட்டிபிக்கற், அதோட ஒரு பக்கக் கடிதம். கடிதத்தில கதை எழுதாதேங்கோ. லோன் நம்பர், லோன் எடுத்த திகதி, டியூட்டி தொடங்கின திகதி, எஸ்.சி.ஆர்.ஏ படி கோட்டு ஓடர் இல்லாமல் ஏலம் விட ஏலாது, ஏலத்தை நிப்பாட்டி எழுத்தில அறிவியுங்கோ, வட்டியையும் ஆறு வீதத்துக்குக் குறையுங்கோ, அவ்வளவுதான். ஏலத்தை நிப்பாட்டுற பாதுகாப்புக்கு நீங்கள் அறிவிக்கவேணும் எண்டு சட்டத்தில இல்லை, அது தானா இருக்கு, ஆனா தானா இருக்கிறது தானா நடக்காது எண்டு பாங்கில இருந்த எனக்குத் தெரியும். வட்டிக் குறைப்பு அப்பிடியில்லை, அது கட்டாயம் எழுத்தில கேக்கவேணும், டியூட்டி முடிஞ்சு 180 நாளுக்குள்ள கேக்கவேணும். கடிதத்தைத் தவணைக் காசு கட்டுற விலாசத்துக்கு அனுப்பாதேங்கோ, அங்க செக் பிரிக்கிற ஆக்கள்தான் இருப்பினம். பாங்கின்ர ராணுவப் பகுதி எண்டு தனி நம்பர் தனி பக்ஸ் இருக்கும், அதுக்கும், ஏலம் நடத்துற லோயர் ஒபிஸுக்கும் சேத்துப் பதிவுத் தபாலில அனுப்பி, துண்டைப் பத்திரமா வையுங்கோ. போனில கதைச்சால் கதைச்ச ஆளின்ர பேர், நேரம், சொன்னது எல்லாம் ஒரு கொப்பியில.

ஆறு வீதக் கணக்கைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லுறன், எனக்கு இதில ஒரு ருசி. டியூட்டிக்கு முதல் எடுத்த கடனெண்டால் ஆறு வீதத்துக்கு மேல வட்டி எடுக்க ஏலாது. 250,000 டொலர் கடன், ஏழரை வீத வட்டி எண்டு வையுங்கோ, வருசம் 18,750 டொலர் வட்டி, ஆறு வீதமெண்டால் 15,000. 3,750 டொலர் வித்தியாசம், மாசம் 312 டொலருக்குக் கிட்ட. இது பிறகு கட்டு எண்டு தள்ளி வைக்கிறதில்லை, தள்ளுபடி, தவணையையும் அந்தளவுக்குக் குறைக்கவேணும், அதுவும் டியூட்டிக்குக் கூப்பிட்ட நாளில இருந்து பின்னோக்கிக் கணக்குப் பாக்கவேணும். வீட்டுக் கடனுக்கு டியூட்டி முடிஞ்சு ஒரு வருசம் வரைக்கும் ஓடும். முதல் எடுத்த கார் லோனுக்கும் கிரெடிட் காட்டுக்கும் இதே ஆறு வீதம்தான், டியூட்டி நாள் மட்டும், கனபேர் அதைக் கேக்கிறேல்லை. கார்டில இருபத்திச் சொச்ச வீதம் கட்டிக்கொண்டிருக்கிற குடும்பம் அதைக் குறைச்சாலே வீட்டுத் தவணைக்குக் காசு வரும். புருசன் பெண்சாதி சேர்ந்து எடுத்த கடனெண்டாலும் செல்லும், பெண்சாதி தனிய தன்ர பேரில எடுத்ததெண்டால் இந்த வட்டிக் குறைப்பு இல்லை. 2020, 2021 ல மூண்டு வீதத்துக்கு லோன் எடுத்த ஆக்களுக்கு இதால பிரயோசனமும் இல்லை. இதைக் கேட்டதுக்காகக் கிரெடிட் ரிப்போட்டில கரி பூசக் கூடாது எண்டும் சட்டத்திலயே இருக்கு.

வழக்குப் போடுற மாநிலமெண்டால் வேற மாதிரி. ஆள் வராமலே ஒருதலையாத் தீர்ப்பு எடுக்கப் பாப்பாங்கள். அதுக்கு முதல் எதிராளி ராணுவத்திலயோ இல்லையோ எண்டு பாங்க் சத்தியக்கடதாசி குடுக்கவேணும், ராணுவமெண்டால் கோடு ஒரு லோயரை நியமிக்காமல் தீர்ப்புக் குடுக்க ஏலாது. நோட்டீஸ் கிடைச்சிட்டுது ஆனா வர ஏலாது எண்டால் ரெண்டு கடிதம் வேணும், டியூட்டியால ஏன் வர ஏலாது, எப்ப வர ஏலும் எண்டு ஆளின்ர கடிதம், லீவு குடுக்க ஏலாது எண்டு கொமாண்டிங் ஒபிசரின்ர கடிதம், ரெண்டும் இருந்தால் குறைஞ்சது 90 நாள் தள்ளவேணும். டியூட்டியால வருமானம் அடிபட்டிருந்தால் நீதவான் தவணையையே மாத்தி அமைக்கலாம்.

இதுக்கெல்லாம் லோயருக்குக் காசு குடுக்காதேங்கோ. ஜாக் எண்டு ராணுவத்துக்குள்ளயே சட்ட உதவி ஒபிஸ் இருக்கு, சேவையில நிக்கிற ஆளுக்கும் குடும்பத்துக்கும் இலவசம். மருமோள் பக்கத்து முகாமில போய் ஒரு கப்டனைக் கண்டாள், அந்தப் பிள்ளைக்கு வயசு முப்பதும் இருக்காதாம், ஓடரைப் பாத்தாவாம், லோன் திகதியைப் பாத்தாவாம், அந்த இடத்திலயே ஏலம் நடத்துற ஒபிஸுக்குக் கடிதம் அடிச்சிட்டா. ஒபிஸ் எங்க எண்டு தெரியாட்டி மிலிற்றரி வன்சோர்ஸ் எண்டு 24 மணிநேர இலவச நம்பர், 1-800-342-9647.

அற்றோணித் தத்துவம், எனக்குப் பதிலா இவர் கதைக்கலாம், கையெழுத்து வைக்கலாம் எண்டு குடுக்கிற பத்திரம். இதை ஆள் பிளேன் ஏற முதல் எழுதவேணும், பிறகு மூக்கால அழவேண்டி வரும். எங்களுக்குத் தேசவழமையில காணி விக்கப் பெண்சாதிக்குப் புருசன்ர சம்மதம் வேணும் எண்டு ஒரு பழைய கதை இருக்குத்தானே, அங்கயும் லோன் புருசன்ர பேரில மட்டும் இருந்தால் பாங்க் பெண்சாதியோட கதைக்காது. மருமோள் நாலு தரம் எடுத்து நாலு தரமும் "உங்களோட கதைக்க அனுமதி இல்லை" எண்டு வச்சிட்டாங்கள், அதாலதான் பிள்ளை கடிதங்களை லாச்சிக்குள்ள தள்ளத் தொடங்கினது, பயத்தால எண்டு நான் முதல் ஏசிப்போட்டன், பாவம். பொதுவான அற்றோணித் தத்துவத்தைச் சில இடங்களில ஏற்க மாட்டாங்கள், வீட்டு விலாசமும் லோன் நம்பரும் போட்டு "கடனைப் பற்றிக் கதைக்க, மாத்தி அமைக்க, கையெழுத்து வைக்க" எண்டு தெளிவா எழுதுங்கோ. ஜாக் ஒபிஸில இதுவும் இலவசம்.

இப்ப, டியூட்டிக்குப் பிறகு லோன் எடுத்த பிள்ளையள், இது உங்களுக்கு. தவணை பிந்தி 120 நாள் தாண்டாமல் ஏல வேலையைத் தொடங்க ஏலாது எண்டு பொதுச் சட்டம் இருக்கு, ராணுவம் எண்டில்லை, குடியிருக்கிற வீட்டுக்கு எல்லாருக்கும். அந்த நாலு மாசமும் தூங்குற காலமில்லை. கடன் நிவாரண விண்ணப்பத்தை, சம்பளத் துண்டு, பாங்க் ஸ்ரேற்மென்ற் எல்லாத்தோடயும் ஒண்டும் குறையாமல், ஏல நாளுக்கு 37 நாளுக்கு மேல இருக்கேக்க குடுத்திட்டால் அதுக்குப் பதில் சொல்லாமல் ஏலம் விட ஏலாது. ஒண்டும் குறையாமல் எண்டதுதான் முக்கியம், ஒரு கடதாசி இல்லையெண்டு திருப்பித் திருப்பி அனுப்பி நாளைக் கடத்துவாங்கள், எனக்குத் தெரியும், நானும் அந்த மேசைக்கு அங்கால இருந்தவன்தானே. இடமாற்ற ஓடர் வந்து வீட்டை விட்டு வேற மாநிலம் போகவேண்டி வந்தால் அதுவே கஷ்டத்துக்கான காரணமா ஏற்கப்படும், அதையும் விண்ணப்பத்தில எழுதுங்கோ.

வி.ஏ. லோனெண்டால் பாங்கோட மட்டும் மல்லுக்கட்டாமல் வி.ஏ. யின்ர லோன் ஆக்களுக்கு நேர எடுங்கோ, 877-827-3702, அவை பாங்கோட உங்களுக்காகக் கதைப்பினம், இதுக்கெண்டே இருக்கிற உத்தியோகம். வாஸ்ப் எண்டு, பிந்தின லோனைப் பாங்கிட்ட இருந்து வி.ஏ. யே வாங்கிக்கொள்ளுற ஒரு திட்டம் இருந்தது, 2025 மே 1 ஓட புது விண்ணப்பம் எடுக்கிறதை நிப்பாட்டிப்போட்டினம், பழைய வீடியோவைப் பாத்திட்டு அதைக் கேட்டுக்கொண்டு நிக்காதேங்கோ. 2025 யூலை 30 ல புதுச் சட்டமொண்டு கையெழுத்தானது, பிந்தின தவணைகளைத் தனியா எடுத்துக் கடைசியில கட்டுற மாதிரி வைக்கிறது, அதைப் பற்றிக் கேளுங்கோ. கைக்காசு முட்டுதெண்டால் ஆமிக்கு ஆமி எமேர்ஜென்சி றிலீஃப், 1942 ல இருந்து இருக்கு, நேவிக்கும் மரீனுக்கும் 1904 ல தொடங்கின சங்கம், வட்டியில்லாமல் கடன் குடுப்பினம், சில நேரம் சும்மாவும் குடுப்பினம். இதைக் கேக்கிறது வெட்கம் எண்டு எங்கட பெடியள் நினைக்கிறது, சீட்டுக் கட்டுறதுக்கு வெட்கப்படாத சனம் இதுக்கு வெட்கப்படுகுது.

ஏல நோட்டீஸ் வந்த உடன உங்கட போன் அடிக்கத் தொடங்கும். வீட்டைக் காப்பாத்தித் தாறம், முன்காசா மூவாயிரம் டொலர் தாங்கோ எண்டுவினம். பாங்கிட்ட இருந்து எழுத்தில ஒரு முடிவு வாங்கித் தந்து நீங்கள் அதை ஏற்கும் வரைக்கும் காசு கேக்கிறதே அங்க சட்டவிரோதம், கேட்டாலே ஆள் கள்ளன். இன்னொரு வகை, உறுதியை எங்கட பேரில தற்காலிகமா மாத்துங்கோ, நாங்கள் லோனைக் கட்டுறம், நீங்கள் வாடகைக்கு இருங்கோ எண்டுவினம். எங்கட ஊரில வட்டிக்குக் காசு குடுத்திட்டு ஈட்டுக்குப் பதிலா அறுதி உறுதி எழுதுவிக்கிறவங்களைப் பாத்திருப்பியள், அவங்கட அமெரிக்கன் தம்பிமார். பாங்க் தாற கடதாசியிலயும் கவனம், தவணை மாத்தித் தாறம் எண்டு சொல்லி இடையில எஸ்.சி.ஆர்.ஏ உரிமையை விட்டுக்குடுக்கிறன் எண்டு ஒரு பத்திரம் வைப்பினம், அப்பிடி விட்டுக்குடுக்கிறது தனிப் பத்திரமா, 12 பொயின்ற் எழுத்துக்குக் குறையாமல் இருந்தாத்தான் செல்லும், ஆனா செல்லுறதிலயும் கையெழுத்து வையாதேங்கோ, ஜாக் ஒபிசுக்குக் காட்டாமல்.

ஏலம் ஏற்கனவே நடந்து போச்சுதெண்டாலும் விடாதேங்கோ. 2012 ல அஞ்சு பெரிய வங்கியளோட அமெரிக்க அரசாங்கம் ஒரு ஒப்பந்தம் செய்தது, அதின்ர கீழ இப்பிடிச் சட்டத்துக்கு மாறா வீடு ஏலம் போன 952 ராணுவ ஆக்களுக்கு 123 மில்லியன் டொலருக்கு மேல நட்டஈடு எண்டு 2015 பெப்ரவரியில நீதித் திணைக்களம் அறிவிச்சது. பெரிய வங்கியளே பிழை விட்டிருக்கு எண்டதுக்கு இதைவிட என்ன வேணும். நீதித் திணைக்களத்தில ராணுவ ஆக்களின்ர முறைப்பாட்டைப் பாக்க ஒரு பிரிவு இருக்கு, ஜாக் ஒபிஸ் மூலம் போங்கோ. ஆள் சேவையில செத்துப்போனால், கடவுளே வேண்டாம், பெண்சாதி அந்த வீட்டில இருந்துகொண்டு லோனைத் தொடர்ந்து கட்டலாம், ஆள் மாறிட்டுது முழுக்கடனையும் இப்ப கட்டு எண்டு கேக்க ஏலாது, நிவாரணத்துக்கும் அவவே விண்ணப்பிக்கலாம்.

இஞ்ச இருக்கிற அம்மா அப்பாக்களுக்கு ஒண்டு. காணியை அந்தரப்பட்டு விக்காதேங்கோ. ஏலத்துக்கு ரெண்டு கிழமை இருக்கேக்க கொக்குவிலில காணி வித்தால் பாதி விலைதான் வரும், அந்தக் காசு வெளிநாடு போய்ச் சேர அதுக்கும் ஒரு மாசம் கடதாசி. நீங்கள் செய்யக்கூடியது நேர வித்தியாசத்தைப் பாவிக்கிறது. ரெக்சாஸில பாங்க் திறக்கேக்க எங்களுக்குப் பின்னேரம் ஆறரை, ஏழரை, பிள்ளை வேலையில நிண்டு குழந்தையையும் பாத்துக்கொண்டு நிக்கேக்க நீங்கள் ஆறுதலா இருந்து கடிதங்களைத் திகதிப்படி அடுக்கி, படம் பிடிச்சு அனுப்பினதை வாசிச்சு, என்ன கேக்கவேணும் எண்டு எழுதிக் குடுக்கலாம். தங்கச்சி இங்கிலீஷ் தெரியாது எண்டா, திகதி வாசிக்கத் தெரியும்தானே எண்டன், அவதான் பதினொரு கடிதத்தையும் வரிசைப்படுத்தினது.

ஏலத்துக்கு ஆறு நாளுக்கு முதல் ரத்து எண்டு ஈமெயில் வந்தது. வட்டி ஆறாச்சு, பிந்தின தவணையை மிச்சக் காலத்துக்குப் பிரிச்சுப் போட்டாங்கள். பெடியன் இந்தப் பங்குனியில திரும்பி வந்திட்டார், டி.டி. 214 எண்டு சேவை முடிஞ்ச பத்திரம் குடுத்திருக்கினம், அதில இருக்கிற கடைசி நாளில இருந்து ஒரு வருசம்தான் மதில் நிக்கும், அந்தத் திகதியை மருமோள் நான் அனுப்பின நல்லூர்க் கலண்டரில சிவப்புப் பேனையால வட்டம் போட்டு, குசினியில அந்த லாச்சிக்கு மேலதான் கொழுவி வச்சிருக்கிறாள்.